இடப்பக்கம் இருக்கும் காலி இடம்

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்திறங்கினான். சாப்பிட்டுக்கூட முடிக்கவில்லை, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டான். "மாமா, பாஸ்வேர்ட் சரியாத்தான் அடிக்கிறேன், உள்ள போற மாதிரி போயிட்டு திரும்ப பாஸ்வேர்டே கேக்குது." ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டு என்ற லினக்ஸும் வைத்திருக்கிறான், டூயல் பூட். உபுண்டு பக்கம்தான் பிரச்சனை, விண்டோஸ் நன்றாகத் திறக்கிறது. திங்கள்கிழமை அவனுக்கு பிராஜெக்ட் ரிவ்யூ. ரோபோ சிமுலேஷன் முழுக்க உபுண்டுவில், டிசைன் முழுக்க விண்டோஸில் சாலிட்வொர்க்ஸில். இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று அவனிடம் சொல்லவே முடியாது, படிப்பு அப்படி.

இப்படி பாஸ்வேர்ட் அடித்ததும் திரும்பி வாசலுக்கே வந்து நிற்கிற உபுண்டுவைப் பார்த்தால் எனக்கு முதலில் வருகிற சந்தேகம் ஒன்றுதான், டிஸ்க் நிரம்பியிருக்கும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 அழுத்தினால் படமில்லாத வெறும் எழுத்துத் திரை வரும், அதில் லாகின் ஆகலாம். போய்ப் பார்த்தால் அதேதான். உபுண்டுவுக்கென்று டிஸ்க்கில் பிரித்து வைத்த துண்டு, 40 ஜிபி ரூட் பார்ட்டிஷன், நூறு சதவீதம் நிரம்பி மீதி பூஜ்யம் என்று காட்டுகிறது. டெஸ்க்டாப் திறக்கும்போது சின்னச் சின்னக் கோப்புகள் சிலவற்றை அது எழுதியாக வேண்டும், எழுத இடமில்லை, அதனால் வெளியே தள்ளிவிடுகிறது. பாஸ்வேர்டில் எந்தத் தப்பும் இல்லை.

இந்த இடத்தில் பலர் பயந்துபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள், அதனால் இதைச் சொல்லியாக வேண்டும். உபுண்டு கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு, அதாவது அதன் ஃபைல் சிஸ்டத்துக்கு, ஈஎக்ஸ்டி4 என்று பெயர். ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை உருவாக்கும்போதே வழக்கமாக ஐந்து சதவீத இடத்தை நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். 40 ஜிபியில் அது 2 ஜிபி. நமக்குப் பூஜ்யம் என்று காட்டினாலும் சூடோ போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோடு, வேலை செய்யும்போது அந்த 2 ஜிபி கைகொடுக்கும். அதை வைத்துக்கொண்டு இறங்கி சாஃப்ட்வேரை இறக்கித் தரும் ஏப்ட் சேர்த்து வைத்திருந்த பழைய பேக்கேஜ்களையும், சிஸ்டம் லாக் குவியலையும், புரோகிராம்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரில் யாரும் சீண்டாமல் கிடந்த இமேஜ்களையும் துடைத்தோம். 11 ஜிபி கிடைத்தது, டெஸ்க்டாப்பும் திறந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவன் ஒரு சிமுலேஷனை ஓட்டி ரெக்கார்ட் செய்தாலே பல ஜிபி சேர்கிறது, அடுத்த மாதம் இதே வாசலில்தான் வந்து நிற்பான். சி டிரைவில் 160 ஜிபி சும்மா கிடக்கிறது. "அங்க இருந்து ஒரு 80 ஜிபி எடுத்து இங்க போட முடியாதா மாமா?" என்று கேட்டான். முடியும் என்றுதான் சொன்னேன், ஆனால் உடனே கை வைக்கவில்லை, முதலில் ஒரு தாளில் அவன் டிஸ்க்கைப் படமாக வரையச் சொன்னேன்.

எல்லோரும் அளவைத்தான் பார்க்கிறார்கள், அங்கே இவ்வளவு காலி, இங்கே இவ்வளவு தேவை என்று. டிஸ்க் அப்படி ஒரு பானையில் எடுத்து இன்னொரு பானையில் ஊற்றுகிற தண்ணீர் இல்லை. அது வரிசையாக வரப்பு கட்டிய வயல். செக்டார் என்பது டிஸ்க்கின் மிகச் சின்னத் துண்டு, முதல் செக்டாரில் தொடங்கி கடைசி செக்டார் வரை ஒரே நீளம், அதில் யார் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் எதுவும் நடக்கும். என் வயலை ஒட்டி இருக்கிற காலி இடம் மட்டும்தான் எனக்கு உதவும், நடுவில் இன்னொருவர் வயல் இருந்தால் அந்தக் காலி இடம் எத்தனை ஏக்கராக இருந்தாலும் எனக்கு இல்லை.

அவன் வரைந்த படம் இப்படி வந்தது. 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் அதை 476 என்று காட்டும். யாரும் திருடவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான். இடமிருந்து வலமாகப் பார்த்தால் முதலில் 260 எம்பியில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், இரண்டு சிஸ்டத்தையும் கிளப்பிவிடும் சின்ன புரோகிராம்களான பூட் லோடர்கள் இருப்பது இங்கேதான். அடுத்து 16 எம்பியில் மைக்ரோசாஃப்ட் ரிசர்வ்ட் என்ற சின்னத் துண்டு. அடுத்து பெரிய சி டிரைவ். அதற்கு அடுத்து உபுண்டு. கடைசியில் 1 ஜிபி அளவில் விண்டோஸ் ரிகவரி.

"உபுண்டு அஞ்சாம் நம்பர், ரிகவரி நாலாம் நம்பர், அப்ப ரிகவரி தானே முதல்ல வரணும்?" என்று அவனே கேட்டான், எனக்கு சந்தோஷமாக இருந்தது. பார்ட்டிஷன் எண் என்பது உருவான வரிசை, நிற்கிற வரிசை இல்லை. லேப்டாப் வாங்கும்போதே ரிகவரி நான்காவதாக இருந்தது. பிறகு சி டிரைவைச் சுருக்கி நடுவில் கிடைத்த இடத்தில் உபுண்டுவைப் போட்டதால் அது ஐந்து. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் தப்பான பக்கத்தில் வெட்டுவோம். ஜிபார்ட்டட் மாதிரி பார்ட்டிஷன் கருவி ஒன்றைத் திறந்து மேலே இருக்கிற பட்டையைப் பார்க்க வேண்டும், அதில்தான் நிஜமான வரிசை தெரியும்.

இப்போது சிக்கல் புரியும். சி டிரைவின் தொடக்கத்தை யாரும் நகர்த்த மாட்டார்கள், அதன் வலது ஓரத்தில்தான் சுருக்குவோம். அப்படிச் சுருக்கினால் காலி இடம் உபுண்டுவுக்கு இடப்பக்கம் விழும். வலப்பக்கம் விழுந்திருந்தால் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன், கடைசி வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டு ஃபைல் சிஸ்டத்தை நீட்டச் சொன்னால் போதும், சில நொடி வேலை. ஈஎக்ஸ்டி4-ஐ ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்க முடியும். இடப்பக்கம் என்றால் கதையே வேறு. ஃபைல் சிஸ்டம் எல்லாக் கணக்கையும் தன் முதல் பிளாக்கிலிருந்து எண்ணித்தான் வைத்திருக்கிறது. தொடக்கம் இடதுபுறம் நகர்ந்தால் உள்ளே இருக்கிற அத்தனையும் அதே தூரம் நகர்ந்தாக வேண்டும். வரப்பை வெட்டிப் போடுவதும், விளைந்து நிற்கிற பயிரை வேரோடு பிடுங்கி எடுத்துப்போய் அதே வரிசையில் நடுவதும் ஒன்றாகுமா? இரண்டுக்கும் திரையில் ஒரே பெயர்தான் போட்டிருக்கிறார்கள், ரீசைஸ், மூவ் என்று ஒரே பட்டனில், அதனால்தான் இவ்வளவு பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நகர்த்தாமலும் ஒரு வழி இருக்கிறது. கிடைக்கிற 80 ஜிபியில் புதிதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு, நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அதற்கு மாற்றிவிடலாம். பழையது இருந்த இடத்திலேயே இருக்கும், ஆபத்து மிகக் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். இவனுக்கு ஏன் சொல்லவில்லை என்றால், டாக்கர் தன் சரக்கு எல்லாவற்றையும் ரூட்டுக்குள்தான் வைக்கிறது, சிமுலேஷன் ரெக்கார்டிங் ஹோமில் விழுகிறது, இரண்டுமே மாறி மாறி வளர்கிறது. பிரித்துக் கொடுத்தால் ஒரு பக்கம் காலியாகவும் இன்னொரு பக்கம் நெரிசலாகவும் மறுபடி வந்து நிற்பான். ஒரே பெரிய இடமாக இருந்தால்தான் அவனுக்கு நிம்மதி.

நகர்த்தலாம் என்று முடிவெடுத்ததும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. காரணம் இருக்கிறது.

2012 கடைசி. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் மறக்காது, ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. என்னிடம் இருந்தது ஒரு டெஸ்க்டாப், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7-ம் உபுண்டு 12.04-ம். பழைய எம்பிஆர் முறை. அதில் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, அதாவது எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற பட்டியலுக்கு, மொத்தமே 64 பைட்தான், ஒன்றுக்கு 16 பைட் வீதம் நான்கு பிரைமரி பார்ட்டிஷன். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒன்றை எக்ஸ்டென்டட் ஆக்கி அதற்குள் லாஜிக்கல் போட வேண்டும், பெட்டிக்குள் பெட்டி. என் ஹோம் பார்ட்டிஷன் அப்படி உள்பெட்டியில் இருந்தது, 120 ஜிபி. அதற்கு இடப்பக்கம் 30 ஜிபி சேர்த்து இழுத்துவிட்டால் போதும் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தேன். அன்றைக்கு கரண்ட் போகிற நேரத்தைக் கணக்குப் பார்த்துத்தான் உட்கார்ந்தேன். ஜிபார்ட்டட் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது, என்னிடம் இருந்த யூபிஎஸ் கால் மணி நேரம் தாங்கும். இதை எல்லாம் தெரிந்தே பச்சை டிக்கை அழுத்தினேன். முக்கால்வாசி ஓடியிருக்கும், கணக்கில் இல்லாத நேரத்தில் கரண்ட் போனது. யூபிஎஸ் கத்திக் கத்தி அடங்கியது.

அந்த நேரத்தில் டிஸ்க்குக்குள் என்ன நிலை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. 120 ஜிபியை 30 ஜிபி தூரம் இடப்பக்கம் நகர்த்தும்போது புது இடமும் பழைய இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முன்பகுதி புது இடத்துக்கு வந்துவிட்டது, வரும்போது பழைய பிரதியின் மேலேயே எழுதிக்கொண்டு வந்திருக்கிறது. பின்பகுதி இன்னும் பழைய இடத்தில். பழைய தொடக்கத்திலிருந்து பார்த்தாலும் ஃபைல் சிஸ்டம் இல்லை, புதுத் தொடக்கத்திலிருந்து பார்த்தாலும் பாதிவரைதான். தகவல் எதுவும் டிஸ்க்கை விட்டுப் போகவில்லை, எந்த செக்டாரில் நின்றது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தால் மீதியை அங்கிருந்தே ஒட்டியிருக்கலாம். எனக்கு அது தெரியாது, அந்தக் குறிப்பும் எங்கேயும் இல்லை.

தொலைந்த பார்ட்டிஷனைத் தேடும் டெஸ்ட்டிஸ்க் போட்டுப் பார்த்தேன். பார்ட்டிஷன் இங்கே இருந்தது என்று காட்டியது, திறக்க முடியவில்லை. பிறகு அதனுடன் வரும் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன், நண்பனிடம் வாங்கி வந்த வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் எழுத வைத்து. அது ஃபைல் சிஸ்டத்தைக் கண்டுகொள்ளாமல் செக்டார் செக்டாராகத் துழாவி, படம் மாதிரி தொடங்குவது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். இரண்டு ராத்திரி ஓடியது. படங்கள் நிறைய வந்தன. ஆனால் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை. எஃப் என்று ஒரு எழுத்து, பின்னால் செக்டார் எண், அவ்வளவுதான் பெயர். டி என்று தொடங்கினால் அது வெறும் சின்னப் படம், பெரிய படத்துக்குள் ஒட்டி வைத்திருக்கும் தம்ப்நெய்ல். அக்கா கல்யாணப் படங்களை நான் ஸ்கேன் செய்து வைத்திருந்தேன், பெண்ணழைப்பு, முகூர்த்தம், பந்தி என்று ஃபோல்டர் ஃபோல்டராக, ஒவ்வொரு படத்துக்கும் யார் யார் நிற்கிறார்கள் என்று அம்மாவிடம் கேட்டுப் பெயர் வைத்து. படங்கள் பெரும்பாலும் திரும்பி வந்தன. அம்மா சொன்ன பெயர்கள் வரவில்லை. அந்தப் பெயர்களில் பாதியைச் சொல்ல இப்போது ஆளும் இல்லை.

அந்த அக்காவின் மகன்தான் இப்போது லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறான். அக்கா வாசலில் நின்று, "தம்பி, அவன் படிச்சதெல்லாம் போயிடாதுல்ல?" என்றாள். "பேக்கப் எடுக்காம தொடவே மாட்டேன்க்கா" என்றேன்.

சனிக்கிழமை காலை முழுக்க அந்த வேலைதான். ஹோம் ஃபோல்டர் முழுக்கவும், விண்டோஸில் இருந்த பிராஜெக்ட் ஃபோல்டர்களும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் போயின. காப்பி ஆனதும் நான்கைந்து கோப்புகளை அங்கிருந்து திறந்து பார்க்கச் சொன்னேன், திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. அப்புறம் பார்ட்டிஷன் அட்டவணையை எஸ்ஜிடிஸ்க் என்ற கமாண்டை வைத்து ஒரு சின்ன ஃபைலாக எடுத்து பென் டிரைவில் போட்டோம். இப்போதைய ஜிபிடி முறையில் அட்டவணை டிஸ்க்கின் தலையில் ஒன்றும் வாலில் ஒரு பிரதியுமாக இரண்டு இடத்தில் இருக்கும், வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை இடமுண்டு. அது நல்ல ஏற்பாடு. இருந்தாலும் இரண்டுமே அதே டிஸ்க்கில்தானே, வெளியே ஒன்று இருக்கட்டும்.

அடுத்து பிட்லாக்கர், விண்டோஸ் தன் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி. இது தெரியாமல் யாரும் இறங்கக்கூடாது. புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு நுழைந்தாலே டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற பெயரில் இது தானாக ஆன் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். இவனுக்கும் ஆகியிருந்தது, அவனுக்கே தெரியாது. சி டிரைவ் முழுக்கப் பூட்டியிருக்கிறது என்று பொருள். பூட் அமைப்பில் எதையாவது மாற்றினால் ரிகவரி கீ கேட்டு நின்றுவிடும், 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கொத்து. அவன் கணக்கில் போய் அதை எடுத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுத வைத்தேன், நான் வாசிக்க அவன் எழுத, பிறகு அவன் வாசிக்க நான் சரிபார்க்க. அந்த லேப்டாப்பிலேயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பதில் பிரயோஜனம் இல்லை, பூட்டின வீட்டுக்குள்ளேயே சாவியை வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

சி டிரைவை எதை வைத்துச் சுருக்குவது? விண்டோஸை விண்டோஸை வைத்து, லினக்ஸை லினக்ஸை வைத்து, இதில் நான் பிடிவாதக்காரன். ஜிபார்ட்டட்டும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸைச் சுருக்கும், ஆனால் பிட்லாக்கர் பூட்டியதை அது தொட முடியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பூட்டோடு சேர்த்தே சுருக்கும். சி டிரைவில் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். 160 ஜிபி காலி இருந்தும் அதிகபட்சம் சுமார் 11 ஜிபிதான் சுருக்க முடியும் என்று காட்டியது. அவன் முகம் விழுந்துவிட்டது.

இதுவும் இடம் சார்ந்த பிரச்சனைதான், அளவு சார்ந்தது இல்லை. சில கோப்புகளை விண்டோஸ் ஓடும்போது நகர்த்தாது. மெமரி போதாதபோது எழுதும் பேஜ் ஃபைல், தூங்கப் போகும்போது மெமரியை எழுதி வைக்கும் ஹைபர்னேட் ஃபைல், சிஸ்டம் ரெஸ்டோர் வைத்திருக்கும் நிழல் பிரதிகள் மாதிரி. அதில் ஏதாவது ஒன்று வயலின் கடைசியில் ஒரு பாறை மாதிரி உட்கார்ந்திருந்தால், அதற்கு முன்னால் எவ்வளவு காலி இருந்தாலும் வரப்பு அந்தப் பாறையைத் தாண்டி உள்ளே வராது. எந்தப் பாறை என்று தெரிந்துகொள்ளவும் வழியுண்டு. சுருக்க முயன்ற பிறகு ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் லாக்கைத் திறந்து 259 என்ற எண்ணைத் தேடினால், கடைசியாக வழிமறித்த கோப்பின் பெயர் அதில் இருக்கும். பேஜ் ஃபைலை நிறுத்தி, சிஸ்டம் ரெஸ்டோரை அணைத்து, அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்டில் ஹைபர்னேட்டையும் அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பார்த்தால் 90 ஜிபிக்கு மேல் காட்டியது. 80 ஜிபி என்றால் எம்பியில் 81920. அந்த எண்ணைப் போட்டு ஷ்ரிங்க் கொடுத்ததும் ஒன்றிரண்டு நிமிடத்தில் சிக்கு வலப்பக்கம் கருப்புப் பட்டையாக இடம் விழுந்தது.

ஹைபர்னேட்டை அணைத்ததில் இன்னொரு நன்மை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து போய்விடும். விண்டோஸ் 8-ல் வந்தது அது. ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் பாதியைத் தூங்க வைத்துவிட்டு, அடுத்த முறை அதை அப்படியே எழுப்பும். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு நல்ல விஷயம். இரண்டு சிஸ்டம் வைத்திருப்பவருக்கு ஆபத்து, ஏனென்றால் தூங்குகிற விண்டோஸ் தன் டிஸ்க் எப்படி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே தூங்குகிறது, அதற்குள் இன்னொருவர் வந்து என்டிஎஃப்எஸ்ஸில் எதையாவது மாற்றிவிட்டால் எழுந்ததும் பழைய நினைவை வைத்து எழுத ஆரம்பிக்கும். டூயல் பூட் வைத்திருக்கும் எல்லோரிடமும் இதை அணைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அதோடு விண்டோஸை இரண்டு தடவை ரீஸ்டார்ட் செய்து, சாலிட்வொர்க்ஸில் அவன் வரைந்த அசெம்பிளி ஒன்றைத் திறந்து பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் உபுண்டு பக்கம் வந்தோம். ஒன்றை முடித்துச் சரிபார்க்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு ஏதாவது உடைந்தால் எதில் உடைந்தது என்று தெரியாது.

ரூட் பார்ட்டிஷனை அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு நகர்த்த முடியாது, மரக்கிளை கதைதான். அதனால் ஜிபார்ட்டட் லைவை ஒரு பென் டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்தோம். நம்பகமான பூட் லோடர்களை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது அந்த பென் டிரைவ் கிளம்பவில்லை, ஃபர்ம்வேர் (பயாஸ்) செட்டிங்கில் போய் செக்யூர் பூட்டை அணைத்தேன். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வரும். பேட்டரி 100, சார்ஜர் இன்வெர்ட்டர் லைனில் செருகியிருக்கிறது. அவன் இரண்டு தடவை கேட்டான், "லேப்டாப்ல தான் பேட்டரி இருக்கே மாமா, இன்வெர்ட்டர் எதுக்கு?" நான் சார்ஜர் பின்னை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டேன்.

ஜிபார்ட்டட் திறந்ததும் மேலே அந்தப் பட்டை. ஈஎஃப்ஐ, சின்னக் கோடு மாதிரி ரிசர்வ்ட், சி, சாம்பல் நிறத்தில் 80 ஜிபி, அப்புறம் உபுண்டு, ரிகவரி. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்து ரீசைஸ், மூவ். முன்னால் இருக்கும் காலி இடம் என்ற பெட்டியில் பூஜ்யம் போட்டு, இடது அம்பைப் பிடித்து சியின் ஓரம் வரை இழுத்தோம். அலைன்மென்ட் எம்ஐபி என்றே இருக்கட்டும், அதை மாற்றத் தேவையில்லை. மூவ் செய்தால் சிஸ்டம் பூட் ஆகாமல் போகலாம் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. இதுவரை டிஸ்க்கில் எதுவும் நடக்கவில்லை, எல்லாம் கீழே ஒரு வரிசையில் காத்திருக்கும், பச்சை டிக்கை அழுத்தினால்தான் தொடங்கும். அந்த வரிசையை அவனை சத்தமாக வாசிக்கச் சொன்னேன்.

முதலில் ஃபைல் சிஸ்டத்தைப் பரிசோதிக்கும், தப்பு இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அடுத்து நகர்த்தும். அதன் பிறகு பார்ட்டிஷனைப் பெரிதாக்கும், கடைசியில் ஃபைல் சிஸ்டத்தை அந்த அளவுக்கு நீட்டும். பெரிதாக்கும்போது முதலில் வரப்பு, பிறகு பயிர். சுருக்கும்போது இதற்கு நேர் எதிர், முதலில் பயிரை உள்ளே தள்ளிக்கொண்டு பிறகுதான் வரப்பைக் கட்ட வேண்டும். ஜிபார்ட்டட் இதைத் தானே பார்த்துக்கொள்ளும். டெர்மினலில் கையால் செய்பவர்கள் இந்த வரிசையை மாற்றிச் செய்துதான் கடைசி சில ஜிபியை வெட்டிவிடுகிறார்கள்.

இந்த முறை எனக்கு ஒரு தைரியம் இருந்தது. பார்ட்டிஷன் 40 ஜிபி, நகரும் தூரம் 80 ஜிபி. புது இடமும் பழைய இடமும் எங்கேயும் ஒன்றன்மேல் ஒன்று விழாது. நடுவில் நின்றாலும் பழைய பிரதி மேல் ஒரு பைட்கூட எழுதப்பட்டிருக்காது, பென் டிரைவில் இருக்கும் அட்டவணையைத் திருப்பிப் போட்டால் பழைய நிலைமை. 2012-ல் என்னிடம் இல்லாதது இதுதான், அன்றைக்கு 120 ஜிபியை வெறும் 30 ஜிபி தூரம் நகர்த்தினேன். நகர்த்தும் தூரம் பார்ட்டிஷன் அளவைவிடக் கூடுதலாக இருக்கிற மாதிரி திட்டமிட முடிந்தால் கண்டிப்பாக அப்படிச் செய்யுங்கள், அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகச் சுருக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

அவனே டிக்கை அழுத்தினான். பன்னிரண்டு நிமிடம். எஸ்எஸ்டி என்பதால் அவ்வளவுதான். நான் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எழுந்திருக்கவில்லை. அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள், மேஜையில் வைக்காமல் தரையில் வைக்கச் சொன்னேன்.

முடிந்தது என்று வந்ததும் ரீஸ்டார்ட். உபுண்டு நேராகத் திறந்தது. நகர்த்தினாலும் பார்ட்டிஷனின் யூயூஐடி மாறாது, ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே எழுதியிருக்கும் அடையாள எண் அது. உபுண்டுவின் பூட் லோடரான கிரப் அந்த எண்ணை வைத்துத்தான் தேடுகிறது, அதனால் கண்டுபிடித்துவிட்டது. பழைய நாட்களில், மெமரி போதாதபோது பயன்படும் ஸ்வாப் பார்ட்டிஷனை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவோம், அதற்குப் புது எண் வந்துவிடும், எந்த பார்ட்டிஷனைத் திறப்பது என்று எழுதியிருக்கும் எஃப்எஸ்டேபில் பழைய எண்ணே இருக்கும், ஒவ்வொரு பூட்டிலும் ஒன்றரை நிமிடம் இல்லாத டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். உபுண்டு 17.04-லிருந்து ஸ்வாப் சாதாரண ஃபைலாக மாறிவிட்டதால் அந்தத் தொல்லை இங்கே இல்லை. டிஸ்க் அளவைக் காட்டும் டிஎஃப் கமாண்டை அடித்துப் பார்த்தால் 118 ஜிபி. 120 கொடுத்தோம், மீதி ஃபைல் சிஸ்டத்தின் சொந்தக் கணக்குவழக்குக்கு.

அப்புறம் விண்டோஸ். நீலத் திரை, ரிகவரி கீ கொடு என்று நிற்கிறது. பயல் நோட்டைப் புரட்டிவிட்டான். அடிக்கப் போனவனை நிறுத்தினேன். நாம் சி டிரைவில் எதையும் உடைக்கவில்லை, இதற்கு முன் இரண்டு தடவை கேட்காமல்தான் திறந்தது. இடையில் என்ன மாறியது? செக்யூர் பூட். பென் டிரைவுக்காக அணைத்ததை மறுபடி ஆன் செய்யவில்லை. டிஸ்க்கைப் பூட்டியபோது இருந்த மாதிரி பூட் நிலைமை இல்லையென்றால், சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப் அதைத் தராது, அதன் வேலையே அதுதான். லேப்டாப்பை அணைத்து, ஃபர்ம்வேரில் போய் செக்யூர் பூட்டை ஆன் செய்துவிட்டுத் திரும்ப வந்தோம். ஒன்றும் கேட்காமல் விண்டோஸ் திறந்தது.

பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் மறுபடி ஆன் செய்தோம், ஹைபர்னேட் அணைந்தே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் அவன் அந்த நோட்டை எடுத்து, 48 இலக்கத்துக்குக் கீழே டிஸ்க்கின் புதுப் படத்தை வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அளவை எழுதி, மேலே தேதி போட்டான்.